பந்து சோறு போடாது, ஆனாலும் ஆடு

மைதானத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் வழக்கமாகச் சொல்கிறவற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், மக்கா. தோவாளையில் பந்தாடுகிற உங்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த ஆட்டம் ஒரு நாளும் சோறு போடாது. அதைக் கேட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். சோறு போடாத ஆட்டத்தையும் முறையாக, நெடுங்காலம், மரியாதையாக ஆடலாம். விக்டோரியா மகாராணி காலத்திலேயே கல்கத்தாவில் ஒருவர் அப்படி ஆடிக் காட்டியிருக்கிறார். பெயர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. பயப்படாதே, அது வங்காளத்துக் குடும்பப் பெயர்தான். 1869-ல் பிறந்தவர், 1940-ல் மறைந்தவர். அவர் ஆடியதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இந்தியக் கால்பந்தின் தந்தை என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். கீழே அவர் அடிக்கடி வருவார்.

1. பந்து யாராவது வாங்கித் தருவார்கள் என்று காத்திருக்காதே.

1877-ல் நாகேந்திரனுக்கு எட்டு வயது. அம்மாவோடு கங்கையில் குளிக்க வண்டியில் போகும்போது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்தாடுவதைப் பார்த்து இறங்கி நின்றானாம். பந்து இவன் பக்கம் உருண்டு வந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு ஓர் உதை கொடுத்துத் திருப்பி அனுப்பினான். இந்தியப் பையன் ஒருவன் உதைத்த முதல் பந்து அதுதான் என்று கதை சொல்வார்கள். முதலோ இல்லையோ, அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஹேர் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பையன்களிடம் காசு திரட்டி, கடைக்குப் போய் ஒரு பந்து வாங்கி வந்தான். அது ரக்பி பந்து! முட்டை வடிவத்தில் இருந்தது வேறு ஆட்டத்துப் பந்து என்று தெரியாமல் அதையே உதைத்துத் திரிந்தார்கள். பக்கத்துப் பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் அதைப் பார்த்துவிட்டு, சரியான பந்து எது, எப்படி ஆட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

தப்பான பந்தாக இருந்தாலும் சொந்தக் காசில் வாங்கிய பந்து என்பதால்தான் அந்தக் கூட்டம் கலையவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குங்கள். ஒரே வீட்டுப் பணத்தில் வாங்கினால் அந்த வீட்டுப் பையன் கோபித்துக்கொண்டு போகிற அன்று ஆட்டமும் போய்விடும். பெரியவர்களுக்கு 5-ஆம் நம்பர் பந்து. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். கடையில் கையில் எடுத்துச் சுழற்றிவிட்டுப் பார். ஆடி ஆடிச் சுழன்றால் வாங்காதே. காற்றடிக்கும்போது ஊசியை எச்சிலால் நனைத்துச் செருகாதே, ஒரு சொட்டு எண்ணெய் போதும். கல்லுப்போல் அடித்து வைக்காதே. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். நாங்கள் ஆடின காலத்தில் உள்ளே பிளாடர், வெளியே தோல், வாயைக் கயிற்றால் கட்டியிருக்கும். மழையில் நனைந்தால் பந்து இரண்டு மடங்கு கனக்கும். ஹெட் அடிக்கிறவன் நெற்றியில் கயிற்றின் தழும்பு தெரியும். அந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்லை. ஆனால் ஆடி முடித்ததும் பந்தைத் துடைத்து வைக்கிற பழக்கமும் உங்களுக்கு இல்லை.

2. யாருக்குப் பந்து போகவில்லை என்று பார்.

இதைத்தான் நான் நீளமாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

நாகேந்திர பிரசாத் இளவயதிலேயே பல கிளப்புகளைத் தொடங்கினார். அவற்றில் பெரியது வெலிங்டன் கிளப். அங்கே மோனி தாஸ் என்ற பையனைச் சேர்க்க விரும்பினார். நன்றாக ஆடுகிறவன். தகப்பனார் மண்பாண்டம் செய்கிற குயவர். பெரிய வீட்டு உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். குயவன் மகனோடு ஒரே மைதானத்தில் எப்படி ஆடுவது என்று கேட்டார்கள். நாகேந்திர பிரசாத் சமாதானம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. அந்தப் பையனை விட்டுவிடவில்லை, கிளப்பைத்தான் கலைத்துப் போட்டார். 1887-ல் சோவாபஜார் கிளப் என்று புதிதாகத் தொடங்கி, மோனி தாஸை அதில் சேர்த்தார். இத்தனைக்கும் இவர் சாதாரண வீட்டுப் பிள்ளை இல்லை. தகப்பனார் பேர்பெற்ற டாக்டர், மாமனார் வீடு சோவாபஜார் ராஜ குடும்பம். அண்ணன்மார் பெரிய பதவிகளுக்குப் போனவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு ஆடியிருக்கலாம்.

அதே காலத்தில் காஷ்மீரத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1891-ல் டின்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் ஸ்ரீநகர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பந்தைக் கொண்டுவந்தார். பையன்கள் அது தோல், தீட்டு, தொடமாட்டோம் என்று நின்றார்கள். கட்டாயப்படுத்தித்தான் ஆட வைத்தார். பந்து ஒருவன் முகத்தில் பட்டதும் கூட்டமே அழுததாம்.

நம் ஊர்ப்பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? சோவாபஜார் கிளப் தொடங்கிய 1887-ல் நாம் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகள். அதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் பிந்தியும், சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கலாம் என்பதற்காக 1926-ல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936-ல்தான் வந்தது. தெருவில் நடக்க முடியாதவனை யார் மைதானத்தில் சேர்த்திருப்பார்கள்?

இப்போது அப்படி இல்லை என்று சொல்லாதே. பதினொரு பேரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கிற அணிகளை நான் இந்த வட்டாரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாயால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, கால்தான் சொல்கிறது. புதிதாக வந்த பையனுக்கு முதல் அரை மணி நேரத்தில் எத்தனை பாஸ் போகிறது என்று கோட்டுக்கு வெளியே நின்று எண்ணிப் பார். விங்கில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். ஆள் இல்லாத இடத்தில் நிற்பான். பந்து மட்டும் சுற்றிச் சுற்றி நாலு பேருக்குள்ளேயே போகும். அடுத்த வாரம் அவன் வரமாட்டான். "ஆளு வரல்ல சார், அவனுக்கு இஷ்டமில்ல" என்பாய். நீதான் வரவிடவில்லை. கேப்டனாக இருக்கிறவன் இதைக் கவனிக்க வேண்டும். முதல் பத்து நிமிஷத்துக்குள் புதியவன் காலில் இரண்டு தடவையாவது பந்து பட வேண்டும். பெண்பிள்ளைகள் வந்து ஆடினாலும் இதே கணக்குதான்.

3. பூவா, பந்தா என்று வீட்டில் சண்டை போடாதே.

பிச்சி விடியுமுன் பறிக்க வேண்டிய பூ. அது உன் பயிற்சிக்காகக் காத்திருக்காது. சந்தையும் காத்திருக்காது. அதிகாலையில் பூ பறித்தோ மூட்டை தூக்கியோ வருகிற பையனை, ஏன் லேட்டு என்று கேட்பது அநியாயம். நான் கேட்பதில்லை. அவர்களுக்குப் பயிற்சி சாயங்காலம்தான். ஓணத்துக்கு முந்தின வாரத்தில் கேரளத்துக்காரர்கள் வண்டி வண்டியாகப் பூ எடுக்க வருவார்கள். தோவாளையே தூங்காது. அந்த வாரத்தில் ஆட்டம் ஒப்புக்கொள்கிற கேப்டனுக்கு ஊர் நிலவரம் தெரியவில்லை என்று அர்த்தம். மாலை கட்டுகிற வீட்டுப் பிள்ளை அன்று வீட்டுக்கு வேண்டும்.

நாகேந்திர பிரசாத் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அட்டர்னியாகத் தொழில் பார்த்தவர். 1911-ல் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றதே, அந்த அணியில் கல்லூரி ஆசிரியர் இருந்தார், மாணவர்கள் இருந்தார்கள். பந்தால் பிழைத்தவர் ஒருவரும் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? கடலூர்க்காரி இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் சென்னையில் தெருவில் நின்று வேலை பார்த்தார். படிப்பையும் வேலையையும் ஒழுங்காக வைத்திருக்கிறவன்தான் முப்பது வயதுக்கு மேலும் ஆடுகிறான். மற்றவன் இருபத்திரண்டில் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறான், பூட்ஸ் பரணில் கிடக்கும்.

4. காசு கொடுத்தால் வாங்கிக்கொள். வெட்கப்படாதே.

காசுக்கு ஆடுவது இழிவு என்ற எண்ணத்தை நமக்குக் கொடுத்ததே இங்கிலாந்தின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது. சனிக்கிழமை மில் வேலையை விட்டுவிட்டு வருகிறவனுக்கு அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை யாராவது கொடுத்தால் அது குற்றமாம். 1883 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈட்டன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் அணியை பிளாக்பர்ன் ஒலிம்பிக் 2-1 என்று தோற்கடித்தது. ஒலிம்பிக் கேப்டன் குழாய் வேலை செய்கிறவர், வெற்றி கோலை அடித்தவர் நூற்பாலைத் தொழிலாளி. இறுதி ஆட்டத்துக்கு முன் இரும்பு வார்ப்பு ஆலை முதலாளி ஒருவர் செலவில் கடற்கரை ஊரில் தங்கிப் பயிற்சி செய்தார்கள். கனவான்களுக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த அமெச்சூர் கனவான் அணியும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. 1885-ல் சம்பளம் வாங்கி ஆடுவதைச் சட்டமாகவே ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே ஆளுக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டத்துக்கு அழைத்து ஒரு தொகை தருகிறார்கள் என்றால் போய் ஆடு. மூன்று விஷயம் மட்டும் பார். எவ்வளவு என்று முன்கூட்டியே கேள். வண்டிச்சத்தம் அதிலா தனியா என்று கேள். அன்றைக்கு உன் சொந்த அணிக்கு ஆட்டம் இருந்தால் போகாதே.

5. காற்றை எதிராளியாக நினைக்காதே.

வெளியூர் அணிகள் நம்மிடம் வந்து தடுமாறுவது நம் திறமையால் மட்டும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று பாதி வேலையைச் செய்துவிடுகிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகளை எதற்காக நட்டார்கள்? ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும்போது கோலி ஓங்கி உதைத்த பந்து மேலே போய், ஒரு நொடி நின்று, அவன் தலைக்கு மேலேயே திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டாஸ் வென்றால் பலரும் காற்றுக்கு ஆதரவான பக்கத்தை எடுப்பார்கள். நான் முதல் பாதியில் காற்றுக்கு எதிராக ஆடச் சொல்வேன். உடம்பில் தெம்பு இருக்கும்போது கஷ்டத்தை முடித்துவிட வேண்டும். சாயங்காலம் இருட்ட இருட்டக் காற்று கொஞ்சம் அடங்கலாம் என்று நினைத்தால் மட்டும் மாற்றி எடு. எதிர்க்காற்றில் ஆடும்போது பந்து முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது. கோலி உதைக்கவே வேண்டாம், பக்கத்துப் பேக்கிடம் உருட்டி விடட்டும். கார்னர் அடிக்கிறவன் காற்று எந்தக் கம்பத்தை நோக்கி அடிக்கிறது என்று ஒரு பிடி புழுதியை விட்டுப் பார்த்து அடிக்கட்டும். காற்றுக்கு ஆதரவாக ஆடும்போதுதான் நம் பிள்ளைகள் அதிகம் கெடுக்கிறார்கள். எல்லாரும் தூரத்திலிருந்து அடிப்பார்கள், எல்லாம் கோலுக்கு மேலே பறக்கும். பந்து தானாகப் போகும், நீ பாதி பலத்தில் அடி.

6. கால் இரண்டுதான்.

கும்பப்பூ நெல் அறுத்து வயல் காய்ந்தால் நமக்கு மைதானம் கிடைத்த மாதிரி. ஆனால் அறுத்த தாள் உள்ளங்காலைக் கிழிக்கும். வெறுங்காலோடு ஆடுவதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்பாதே. 1911-ல் மோகன் பகானில் சுதீர் சட்டர்ஜி ஒருவர் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடி ஜெயித்தார்கள், உண்மைதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம் ஆட்கள் பெரும்பாலோர் வெறுங்கால். பிரான்சிடம் 1-2 என்று தோற்றார்கள். அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. கேட்க நன்றாக இருக்கிறது. அவர்களுக்குப் பழக்கம் இருந்தது, புல்தரை இருந்தது. உனக்குத் தாளும் கண்ணாடிச் சில்லும்தான். பழைய பூட்ஸாக இருந்தாலும் போடு. பெரிய அண்ணன் பூட்ஸில் துணி திணித்துப் போடாதே, குதிகால் புண்ணாகி ஒரு மாசம் உட்கார வேண்டிவரும்.

7. நடுவரிடம் கையைத் தூக்காதே.

அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு அம்பயர், வெளியே ஒரு ரெப்ரி. ஆட்டக்காரர்கள் முறையிட்டால்தான் தீர்ப்பு. அதாவது கத்தினால்தான் பவுல். 1891-ல் ரெப்ரியை உள்ளே கொண்டுவந்தார்கள். நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேலாகியும் நம் பிள்ளைகளுக்குக் கத்துகிற பழக்கம் போகவில்லை.

அதே 1891-ல்தான் பெனால்டியும் வந்தது. கொரிந்தியன் என்று ஒரு பெரிய இடத்து அமெச்சூர் கிளப். கனவான் வேண்டுமென்றே பவுல் செய்வானா, எங்களுக்குப் பெனால்டியா என்று அவமானப்பட்டார்களாம். தங்களுக்குக் கிடைத்த பெனால்டியை வெளியே அடிப்பார்கள், எதிராளி அடிக்கும்போது அவர்கள் கோலி ஒதுங்கி நிற்பார் என்று சொல்வார்கள். எனக்கு இது ஜம்பமாகத்தான் படுகிறது. பெனால்டி கிடைத்தால் அடி, கோலாக அடி. 1948-ல் அதே பிரான்ஸ் ஆட்டத்தில் நாம் இரண்டு பெனால்டியை வீணாக்கினோம். பயிற்சி முடிந்து எல்லாரும் மூச்சு வாங்கும்போது ஆளுக்கு ஐந்து பெனால்டி அடித்துவிட்டுப் போங்கள். களைத்த காலால் அடித்துப் பழகியதுதான் ஆட்டத்தில் உதவும்.

8. அடிபட்டால் உட்கார்.

1872-ல் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ராயல் எஞ்ஜினியர்ஸ் அணியின் கிரெஸ்வெல், ஆரம்பத்திலேயே கழுத்தெலும்பு முறிந்தும் கடைசிவரை மைதானத்தில் நின்றார். அப்போது மாற்று ஆட்டக்காரர் கிடையாது. உன் அணியில் வெளியே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு எதற்கு நொண்டுகிறாய்?

நம் மாவட்டத்து இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் உனக்குத் தெரிந்த பெயர். அந்த மேற்குக் கடற்கரையில் வலை காயப்போடுகிற மணலிலேயே பந்து கற்றுக்கொள்கிறார்கள், அவர்களோடு ஆடுவது லேசு இல்லை. நாகேந்திர பிரசாத் காலத்தில், 1889-ல் தொடங்கிய மோகன் பகான், ஏ.டி.கே. கிளப்போடு சேர்ந்தபோது, ஏ.டி.கே.யில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த இந்த ஊர்ப் பிள்ளையும் அந்த அணிக்கு வந்தார். 2020 நவம்பரில் அந்த சீசனின் முதல் ஆட்டம், தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முழங்காலில் அடி, சீசனே போயிற்று. அவருக்கு டாக்டரும் பிசியோவும் கிளப் செலவில். உனக்கு யார் இருக்கிறார்கள்? முழங்கால் வீங்கினால் சுளுக்கு வழிக்கிறவரிடம் ஓடாதே. ஐஸ் வை, நாகர்கோவிலுக்குப் போய் எலும்பு டாக்டரிடம் காட்டு.

9. எதிரே நிற்பவன் பூட்ஸைப் பார்த்துப் பயப்படாதே.

1892-ல் டிரேட்ஸ் கோப்பை ஆட்டத்தில் சோவாபஜார் கிளப் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்டை 2-1 என்று ஜெயித்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்தை நம்மவர்கள் பந்தில் தோற்கடித்த முதல் பெரிய ஆட்டம். எல்லாரும் 1911-ஐத்தான் பேசுவார்கள், இதை மறந்துவிடுகிறார்கள். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

10. ஆட முடியாத வயது வரும். அப்போது மைதானத்தை விட்டுப் போகாதே.

நாகேந்திர பிரசாத் 1902-ல் ஆடுவதை நிறுத்தினார். அதற்குள் தொடங்கி வைத்த கிளப்புகளில் ஆட ஒரு தலைமுறையே வந்துவிட்டது. இங்கிலாந்தில் கின்னெய்ர்டு பிரபு என்று ஒருவர். ஒன்பது எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் ஆடி ஐந்தில் ஜெயித்தவர். ஒரு இறுதி ஆட்டத்தில் தன் கோலிலேயே பந்தைப் போட்டவரும் அவர்தான். 1882-ல் ஜெயித்த சந்தோஷத்தில் மக்கள் முன்னால் தலைகீழாக நின்றார். தொழில் வங்கி. ஆட்டம் முடிந்த பிறகு கால்பந்துச் சங்கத் தலைவராகி, 1890-லிருந்து 1923-ல் சாகிறவரை அந்த நாற்காலியில் இருந்தார். முப்பத்துமூன்று வருஷம் நாற்காலியில் இருப்பது எனக்கு உவப்பில்லை, ஆனால் மைதானத்தை விடவில்லை பார்.

நம்மிடம் ஆடி முடித்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இப்போதைய பிள்ளைகளைக் குறை சொல்கிறார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது. சிறுபிள்ளைகள் ஆட்டத்துக்கு ரெப்ரி இல்லை. லைன் பார்க்க ஆள் இல்லை. ஆட்டம் நடந்த தேதி, எதிரணி, கோல் அடித்தவன் பெயர் எழுதி வைக்க ஒரு நோட்டு இல்லை. முப்பது வயது தாண்டியவன் ஒருவன் விசில் வாங்கட்டும், ஒருவன் நோட்டு வாங்கட்டும். வரும் ஞாயிறு காலை கோடு போட வேண்டும். சுண்ணாம்பு நான் கொண்டுவருகிறேன். கயிறும் முளைக்குச்சியும் பேக் ஆடுகிறவர்கள் கொண்டுவாருங்கள். பூச்சந்தை முடிந்து வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், அவசரமில்லை.